மரக்கானாவில் நின்றவர்களும் உட்கார்ந்தவர்களும்

வியாசர்பாடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கால்பந்து உலகக் கோப்பை வந்துவிட்டால் அங்கே சந்துக்குச் சந்து மஞ்சள் பச்சைக் கொடி கட்டிவிடுவார்கள். அந்தப் பகுதிக்கு ‘குட்டி பிரேசில்’ என்று பெயரே உண்டு. கிரிக்கெட் கிளப்பின் கேட்டைத் தாண்ட முடியாத சேரிப் பிள்ளைகள், ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய பெயர் அது. பேலே, கரிஞ்சா, ரொனால்டோ எல்லாரும் அங்கே சொந்தக்காரர்கள் மாதிரி.

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அந்தப் பகுதியிலிருந்து வரும் கல்லூரித் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணா, பிரேசில்ல நம்மள மாதிரி ஆளுங்கதானே ஆடுறாங்க? அப்புறம் ஏன் அவங்க நாட்டுலயே உலகக் கோப்பை நடக்குறப்ப, வேணாம்னு சொல்லி லட்சக்கணக்குல ரோட்டுக்கு வந்தாங்க?”

அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பினேன். சரியான பதில் இல்லை அது. கால்பந்தை வெறுக்கிறவர்கள் அல்ல, கால்பந்து இல்லாமல் வாழ முடியாதவர்கள் நடத்திய போராட்டம் அது. அதனால்தான் அதை நாம் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் 1920களுக்குப் போக வேண்டும். அமெரிக்கக் கண்டத்தில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேசில். ஆண்டு 1888. விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை, கூலி கிடைக்கவில்லை, பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. நமக்குத் தெரிந்த கதைதான். கால்பந்தோ அப்போது ரியோ டி ஜெனிரோவின் பணக்கார வெள்ளையர்கள் தங்கள் கிளப்புகளுக்குள் ஆடிய ஆட்டம். அங்கே 1923ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா என்ற கிளப், கறுப்பர்களையும் கலப்பினத்தவரையும் கூலித் தொழிலாளிகளையும் வைத்துக்கொண்டு நகர சாம்பியன் பட்டத்தை வென்றுவிட்டது. (ஆமாம், கோழிக்கோட்டில் வந்து இறங்கிய அதே ஆளின் பெயர்தான். போர்ச்சுகீசியக் குடியேறிகள் தொடங்கிய கிளப். வரலாற்றுக்கு இப்படி ஒரு நக்கல் உண்டு.)

தோற்ற பெரிய கிளப்புகள் என்ன செய்தன? மைதானத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் விதிகளை மாற்றின. 1924இல் தனிச் சங்கம் ஆரம்பித்தன. ஆட்டக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், ‘தகுந்த’ வேலை இருக்க வேண்டும் என்றன. வாஸ்கோ சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்க வேண்டும் என்றன. யார் அந்தப் பன்னிரண்டு பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூடவே இன்னொரு காரணமும் சொன்னார்கள்: உங்களிடம் சரியான ஸ்டேடியம் இல்லையே!

‘தகுதி’, ‘தரம்’, ‘உள்கட்டமைப்பு’. சாதியின் பெயரையோ நிறத்தின் பெயரையோ உச்சரிக்காமலேயே ஆளை வெளியே நிறுத்தும் சொற்கள். இடஒதுக்கீட்டு விவாதத்தில் தினமும் கேட்கிறோமே, அதே சொற்கள்தான்.

வாஸ்கோவின் தலைவர் 1924 ஏப்ரலில் கடிதம் எழுதினார்: அவர்களை நீக்க மாட்டோம், உங்கள் சங்கமும் வேண்டாம். பிறகு ரசிகர்களிடம் வசூல் செய்து, அரசுப் பணமில்லாமல், சாவோ ஜனுவாரியோ என்ற ஸ்டேடியத்தைக் கட்டி 1927இல் திறந்தார்கள். அப்போது தென் அமெரிக்காவிலேயே மிகப் பெரியது. பிரேசிலின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1940 மே தினத்தன்று அந்த ஸ்டேடியத்தில் வைத்துத்தான் அறிவிக்கப்பட்டது. நமது பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்ளுங்கள். 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தவர். அவருக்குச் சொந்த அணிக்காரர்களே தேநீரைத் தனிக் குவளையில் வெளியே வைத்துக் கொடுத்தார்கள். அவருக்காக ஸ்டேடியம் கட்ட ஒரு கிளப் இங்கே இல்லை. (1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம்.)

ஸ்டேடியம் என்றாலே எதிரி என்று நான் சொல்லவரவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் திரிக்க வேண்டாம்.

அடுத்து மரக்கானா. 1950 உலகக் கோப்பைக்காக ரியோவில் கட்டப்பட்டது. அப்போது உலகின் மிகப் பெரிய கால்பந்து ஸ்டேடியம். பிற்பாடு அதற்கு மாரியோ ஃபில்யோ என்ற பத்திரிகையாளரின் பெயரை வைத்தார்கள். பிரேசில் கால்பந்தில் கறுப்பர்களின் இடம் பற்றி 1947இல் புத்தகம் எழுதியவர் அவர். 1950 ஜூலை 16 அன்று கடைசி ஆட்டத்தில் உருகுவே 2-1 என்று பிரேசிலைத் தோற்கடித்தபோது, டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 1,73,850 பேர். உள்ளே இருந்தவர்கள் இரண்டு லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள்.

அந்தத் தோல்விக்குப் பலியாடு தேடியபோது நாட்டின் விரல் கறுப்பு ஆட்டக்காரர்கள் பக்கம்தான் நீண்டது. முக்கியமாக கோல்கீப்பர் மொசிர் பார்போசா. வாஸ்கோ ஆட்டக்காரர். மற்றவர்களையும் பழி சொன்னார்கள், ஆனால் சாகும்வரை விரட்டியது அவரைத்தான். 1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போனபோது, துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளும் என்று உள்ளே விடவில்லை. தீட்டு என்பதற்கு போர்ச்சுகீசிய மொழியில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வாசலில் நடந்தது அதுதான். பிரேசிலில் அதிகபட்ச தண்டனையே 30 ஆண்டுதான், நான் 50 ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று சொல்லிவிட்டு 2000ஆம் ஆண்டு செத்துப்போனார்.

இவ்வளவு இருந்தும் மரக்கானா ஏழைகளுக்கு இடம் கொடுத்தது. ‘ஜெரால்’ என்று ஒரு பகுதி. மைதானத்தைச் சுற்றி, தரை மட்டத்தில், நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டே பார்க்கும் இடம். பார்வை சரியாக இருக்காது, முக்கால்வாசி நேரம் ஆட்டக்காரர்களின் கால்தான் தெரியும். மழை வந்தால் நனைய வேண்டும். ஆனால் டிக்கெட் விலை மிகக் குறைவு. கூலிக்காரர்களும் ஃபவேலாவாசிகளும் வேஷம் கட்டிக்கொண்டு, மேளம் அடித்துக்கொண்டு வந்து நின்ற இடம் அது. நம் ஊர் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் மாதிரி. விசில் அங்கிருந்துதான் வரும்.

2005இல் அந்தத் தரை டிக்கெட்டை ஒழித்தார்கள். ‘பாதுகாப்பு’, ‘சர்வதேசத் தரம்’ என்று காரணம். 2007 பான் அமெரிக்கப் போட்டிக்காக ஒருமுறை புதுப்பித்தார்கள். அந்த வேலையின் ஈரம் காய்வதற்குள் 2014 உலகக் கோப்பை என்று சொல்லி, உள்ளே இருந்த எல்லாவற்றையும் இடித்துவிட்டு மறுபடியும் கட்டினார்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்த கட்டடத்தின் பழைய கூரையையே இடித்துத் தள்ளினார்கள். செலவு 100 கோடி ரியாலுக்கும் மேல். இரண்டு லட்சம் பேர் நின்ற இடத்தில் இப்போது 78 ஆயிரம் நாற்காலி, சொகுசுப் பெட்டிகள், விஐபி லவுஞ்ச். பிறகு 2013இல் ஸ்டேடியத்தையே 35 ஆண்டுக் குத்தகைக்குத் தனியார் கூட்டமைப்பிடம் கொடுத்தார்கள். அந்தக் கூட்டமைப்பில் இருந்த ஓடபிரெக்ட் என்ற கட்டுமான நிறுவனம், ஸ்டேடியத்தைப் புதுப்பித்த ஒப்பந்தத்திலும் இருந்தது.

2007இல் போட்டியை வாங்கியபோது, ஸ்டேடியங்களுக்குத் தனியார்தான் பணம் போடுவார்கள் என்று பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் ரிக்கார்டோ டெய்ஷேரா உறுதி கொடுத்தார். கடைசியில் பெரும்பகுதி மக்கள் பணமும் அரசு வங்கிக் கடனும்தான். டெய்ஷேரா 2012இல் பதவியை விட்டு ஓடினார், 2019இல் லஞ்ச வழக்கில் ஃபிஃபாவே அவருக்கு ஆயுள் தடை விதித்தது. ரியோ மாநில ஆளுநராக இருந்த செர்ஜியோ கப்ரால் 2016 நவம்பரில் கைதானார். அவர் மேல் வந்த குற்றச்சாட்டுகளில் மரக்கானா ஒப்பந்தத்தில் வாங்கிய லஞ்சமும் ஒன்று.

ஆனால் தோழர்களே, ‘ஊழல்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரு பைசா லஞ்சம் வாங்காமல் கட்டியிருந்தாலும் கேள்வி அப்படியே இருக்கும்: எட்டு நகரங்கள் போதும் என்ற இடத்தில் பன்னிரண்டு நகரங்கள் எதற்கு? அமேசான் காட்டுக்கு நடுவில் மனாஸ் நகரத்தில், உள்ளூர் கிளப் ஆட்டத்துக்குச் சில நூறு பேர் வந்தாலே பெரிது என்ற ஊரில், 40 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் எதற்கு? சுமார் 30 கோடி டாலர் செலவு. உலகக் கோப்பையில் அங்கே நடந்தவை மொத்தம் நான்கு ஆட்டங்கள். போட்டி முடிந்தபின் அதைச் சிறைக்குப் போகும் கைதிகளை வைத்துப் பிரிக்கும் இடமாக்கலாம் என்று 2013இல் ஒரு நீதிபதி யோசனை சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். அதே ஸ்டேடியத்தில் 2013 டிசம்பரில் விடியற்காலை நேரத்தில், 35 மீட்டர் உயரக் கூரையிலிருந்து விழுந்து இறந்த தொழிலாளிக்கு 22 வயது. வாசிப்பு வட்டத்துக்கு வருகிற உங்களில் பாதிப் பேருக்கு அந்த வயதுதான். மொத்தம் எட்டுத் தொழிலாளிகள் அந்த உலகக் கோப்பையின் ஸ்டேடியங்களைக் கட்டும்போது செத்தார்கள்.

தலைநகர் பிரேசிலியாவில் இன்னும் கொடுமை. முதல் பிரிவு லீக்கில் ஆடும் கிளப்பே இல்லாத நகரத்தில் 72 ஆயிரம் பேருக்கு ஸ்டேடியம். செலவு மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காகி, 90 கோடி டாலரைத் தொட்டது என்று தணிக்கையாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு வருடம் கழித்து அதன் வளாகத்தில் அரசுப் பேருந்துகளை நிறுத்தி வைத்தார்கள். அந்த ஸ்டேடியத்தின் பெயர் மானே கரிஞ்சா. பஞ்சாலைத் தொழிலாளி, ஃபுல்னியோ பூர்வகுடி வழி வந்தவர், வளைந்த கால்களோடு பிரேசிலுக்கு இரண்டு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 1983இல் குடியிலும் வறுமையிலும் அழிந்துபோனவர். உயிரோடு இருந்தபோது ஒரு வீட்டை உறுதிப்படுத்தாத அரசு, செத்தபின் பல நூறு கோடியில் கட்டடம் கட்டிப் பெயர் வைத்தது. நம் தலைவர்களுக்குச் சிலை வைக்கிறவர்களை நினைத்துப் பார்த்தேன்.

இனி நிலம். எந்த ஸ்டேடியத்தைப் பற்றிப் பேசினாலும் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அதைச் சுற்றி அரை கிலோமீட்டரைப் பாருங்கள்.

மரக்கானாவின் வாசலை ஒட்டி ஒரு பழைய மாளிகை இருக்கிறது. 1910இல் பிரேசில் அரசு பூர்வகுடிகளுக்கென்று ஏற்படுத்திய துறையின் அலுவலகமாக இருந்தது. பின்னர் மானுடவியலாளர் டார்சி ரிபேரோ 1953இல் அங்கே பூர்வகுடிகள் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அருங்காட்சியகம் வேறு இடத்துக்குப் போனபின் கட்டடம் பாழடைந்து கிடந்தது. 2006இல் பல பூர்வகுடி இனங்களைச் சேர்ந்தவர்கள் அங்கே குடியேறி, ‘மரக்கானா கிராமம்’ என்று பெயர் வைத்தார்கள். நகரத்துக்கு வரும் பூர்வகுடிக்குத் தங்க இடம், மொழி கற்றுக்கொடுக்க இடம். உலகக் கோப்பை வந்ததும் ஆளுநருக்கு அந்த இடம் கண்ணை உறுத்தியது. இடித்துவிட்டு வாகன நிறுத்தம், கடைகள் என்று திட்டம் போட்டார். 2013 மார்ச் 22 அன்று கலவரத் தடுப்புப் போலீஸ் கண்ணீர்ப்புகையோடு வந்து அவர்களை வெளியேற்றியது. தலையில் இறகுக் கிரீடம் அணிந்தவர்களைக் கவசம் அணிந்தவர்கள் இழுத்துப்போகும் படம் உலகம் முழுக்கப் போனது. எதிர்ப்பு வலுத்ததால் கட்டடத்தை இடிக்க முடியவில்லை. பூர்வகுடிகள் திரும்பத் திரும்ப அங்கே வந்து உட்கார்ந்தார்கள்.

சற்றுத் தள்ளி ‘மெட்ரோ’ என்றொரு ஃபவேலா. எழுபதுகளில் ரியோவின் மெட்ரோ ரயில் பாதையைப் போட வந்த தொழிலாளிகள் அங்கேயே தங்கி உருவாக்கிய குடியிருப்பு. நகரத்துக்கு ரயில் போட்டுக் கொடுத்தவர்கள். 2010 முதல் வீடு வீடாக இடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டை இடித்துவிட்டுக் குப்பையை அள்ளாமல் அப்படியே விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எலிக்கும் கொசுவுக்கும் பயந்து தானே போய்விட வேண்டும். முதலில் ஒப்புக்கொண்டு போனவர்களை கோஸ்மோஸ் என்ற மேற்குக் கோடிக்கு அனுப்பினார்கள். வேலைக்கு வரப் பேருந்திலேயே பாதி நாள் போய்விடும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. போக மறுத்துப் போராடியவர்களுக்குத்தான் பிறகு அருகிலேயே குடியிருப்பு கிடைத்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளிக்கூடம் பற்றியும் சொல்ல வேண்டும், மாணவர்களுக்காக. மரக்கானாவை ஒட்டியே ஓர் அரசுப் பள்ளி. ரியோவின் நல்ல மாநகராட்சிப் பள்ளிகளில் ஒன்று. பெயர் ஆர்தர் ஃப்ரீடன்ரைக். ஜெர்மானிய அப்பாவுக்கும் கறுப்பின அம்மாவுக்கும் பிறந்து, பிரேசில் கால்பந்தின் முதல் பெரிய நட்சத்திரமானவர். ஆட்டத்துக்கு முன்னால் தன் சுருட்டை முடியை நீவி நேராக்கிக்கொண்டுதான் மைதானத்துக்குள் வருவாராம். அந்தப் பள்ளியையும் இடிக்கும் திட்டத்தில் சேர்த்தார்கள். பெற்றோர்களும் பிள்ளைகளும் விடவில்லை. ஊர்வலம், வழக்கு, மனு என்று தொடர்ந்து நின்றார்கள். 2013 ஜூன் எழுச்சிக்குப் பிறகு ஆளுநர் பின்வாங்கினார். பள்ளி நிற்கிறது.

ஃபிஃபா கேட்டபடி 2012இல் பிரேசில் நாடாளுமன்றம் உலகக் கோப்பைக்கென்றே ஒரு பொதுச் சட்டம் போட்டது. ஸ்டேடியத்துக்குள் மது விற்பதை ரசிகர் மோதல்களைக் காரணம் காட்டி ஏற்கெனவே தடை செய்திருந்தார்கள். பீர் நிறுவனம் ஸ்பான்சர் என்பதால் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். மாணவர்களுக்கு அரை டிக்கெட் என்பது பிரேசிலில் போராடிப் பெற்ற உரிமை. அதையும் மலிவு வகை டிக்கெட்டுகளோடு சுருக்கினார்கள். ஃபிஃபாவுக்கு வரிவிலக்கு வேறு. 2011 முதல் 2014 வரையிலான நான்காண்டில் ஃபிஃபாவின் வருமானம் 570 கோடி டாலர்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவு: ஸ்டேடியத்தைச் சுற்றி 2 கிலோமீட்டர் வரை ஸ்பான்சர்களைத் தவிர வேறு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்று அறிவிக்கலாம்.

சால்வடோர் நகரம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்களின் பிள்ளைகள் நிறைந்த நகரம். அங்கே அக்கராஜே என்று ஒரு பலகாரம். தட்டைப்பயறை ஊறவைத்து அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்து எடுப்பது. நம் வடைக்கு அக்கா தங்கை. அடிமைப் பெண்கள் தெருவில் விற்று, சேர்த்த காசில் சிலர் தங்கள் விடுதலையையே வாங்கிய வரலாறு அதற்கு உண்டு. வெள்ளைப் பாவாடையும் தலைப்பாகையும் கட்டி அதை விற்கும் கறுப்பினப் பெண்களின் தொழிலைத் தேசியப் பண்பாட்டுச் செல்வம் என்று அரசே அறிவித்திருக்கிறது. சுற்றுலா விளம்பரத்துக்கெல்லாம் அவர்கள் படம் வேண்டும். ஆனால் பழைய ஃபோன்டே நோவா ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, அதன் வாசலில் பல ஆண்டுகளாக விற்றுவந்த அந்தப் பெண்களை இரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் போ என்றார்கள். பர்கர் உள்ளே, அக்கராஜே வெளியே.

அந்தப் பெண்களுக்குச் சங்கம் இருந்தது. கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், 17 ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தது. ஸ்டேடியத் திறப்பு விழாவின்போதே தங்கள் வெள்ளை உடையில் போய் நின்றார்கள். கடைசியில் 2013 கன்ஃபெடரேஷன் கோப்பையின்போது ஆறு பேருக்கு ஸ்டேடிய வளாகத்தில் விற்க அனுமதி கிடைத்தது. ஆறே பேர்தான். பெரிய வெற்றி என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் தெரு வியாபாரிகள் ஃபிஃபாவை ஒரு படி இறங்க வைத்தார்கள்.

சரி, எல்லாம் முடிந்து ஆட்டம் தொடங்கியபோது உள்ளே யார் உட்கார்ந்தார்கள்? 2014 ஜூன் 28, பிரேசிலும் சிலியும் ஆடிய ஆட்டத்தில் டேட்டாஃபோல்யா நிறுவனம் பார்வையாளர்களிடம் கணக்கெடுத்தது. மூன்றில் இரண்டு பங்கினர் தங்களை வெள்ளையர் என்றார்கள். பத்தில் ஒன்பது பேர் மேல்தட்டு வருமானப் பிரிவினர். அந்த நாட்டின் 2010 மக்கள்தொகைக் கணக்கில் பாதிக்கு மேல் கறுப்பர்களும் கலப்பினத்தவரும். மைதானத்துக்குள் ஆடியவர்களின் நிறத்தையும் கேலரியில் இருந்தவர்களின் நிறத்தையும் ஒரே படத்தில் பார்த்தால் போதும். அவர்கள் ஆடலாம், கட்டலாம், கூட்டிப் பெருக்கலாம். உட்கார முடியாது.

இந்த இடத்தில் நமக்குள்ளேயே வரும் ஒரு வாதத்தைப் பேச வேண்டும். “நம்ம ஆளு ஒருத்தன் மேல வந்தா நமக்குப் பெருமைதானே?” ரொனால்டோ ரியோவின் ஏழைப் புறநகரில் வளர்ந்தவர். 2014 போட்டியின் அமைப்புக் குழுவில் இருந்தார். மருத்துவமனைகளைக் கட்டி உலகக் கோப்பை நடத்த முடியாது, ஸ்டேடியம்தான் கட்ட வேண்டும் என்று சொன்னவர் அவர். ரொமாரியோ ஜக்கரெசின்யோ ஃபவேலாவில் பிறந்தவர். 1994 கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். நாடாளுமன்ற உறுப்பினராகி, இந்த உலகக் கோப்பை வரலாற்றின் மிகப் பெரிய கொள்ளையாகப் போகிறது என்று பேசினார். இரண்டு பேரும் நம் ஆட்கள்தான், இரண்டு பேரும் மஞ்சள் சட்டைதான். எங்கிருந்து வந்தார் என்பதோடு யாருக்காகப் பேசுகிறார் என்பதையும் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். தனித்தொகுதி எம்.எல்.ஏ.க்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது கஷ்டமான பாடமல்ல.

2013 ஜூன் போராட்டம் ஸ்டேடியத்தில் தொடங்கவில்லை. சாவோ பாலோவில் பேருந்துக் கட்டணம் 20 சென்டாவோ ஏறியதில் தொடங்கியது. இலவசப் பயண இயக்கம் என்ற மாணவர் அமைப்பு முன்னால் நின்றது. போலீஸ் அடித்ததும் நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. “ஃபிஃபா தரத்தில் ஸ்டேடியம் கட்டுகிறீர்களே, ஃபிஃபா தரத்தில் பள்ளியும் மருத்துவமனையும் எங்கே?” என்று அட்டை பிடித்தார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு உயிர்ப்பானது என்றால், 2030 உலகக் கோப்பைக்கு ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருக்கும் மொராக்கோவில், 2025 செப்டம்பரில் உங்கள் வயதுப் பிள்ளைகள் தெருவுக்கு வந்து அதையே கேட்டார்கள்.

ஆனால் ஜூனுக்குப் பிறகு நடந்ததையும் மறைக்கக் கூடாது. அந்தக் கோபத்தை மேல்தட்டு வெள்ளையர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். 2014 தொடக்க ஆட்டத்தில் விலை உயர்ந்த இருக்கைகளிலிருந்து அதிபர் தில்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அடுத்த ஆண்டுகளில் தேசிய அணியின் மஞ்சள் சட்டை வலதுசாரி ஊர்வலங்களின் சீருடையாகிவிட்டது. ஃபவேலாப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் நிலை வந்தது. ‘ஊழல் எதிர்ப்பு’ என்று கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களோடு 2011இல் நம்மில் சிலரும் போய் நின்றோம், நானும் ஒரு நாள் நின்றேன். யார் யாருக்கு அது படிக்கட்டாக ஆனது என்று பிறகு பார்த்தோம். சாவோ பாலோவின் வீடற்ற தொழிலாளர் இயக்கம் வேறு வழியில் போனது: 2014 மே மாதம் புதிய இட்டகேரா ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே காலி நிலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கூடாரம் போட்டு, ‘மக்கள் கோப்பை’ என்று பெயர் வைத்து உட்கார்ந்தன. உலகப் பத்திரிகைகள் ஊருக்குள் இருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்ததால், ஆட்டம் தொடங்குவதற்குள் அங்கே வீடு கட்டித்தரும் உறுதியை வாங்கினார்கள். பொத்தாம்பொதுவாகக் கத்தவில்லை. இந்த நிலம், இத்தனை வீடு என்று கேட்டார்கள்.

இப்போது நம் பணத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. ஸ்டேடியம், மேம்பாலம், அலங்காரம். அதற்குச் செலவான பணத்தில் பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்பு உட்கூறு திட்ட நிதியும் இருந்தது. நம் பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் வீட்டுக்கும் தொழில் கடனுக்கும் மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்க வேண்டிய பணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய ஆவணங்களை வைத்து ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பு இதை வெளியே கொண்டுவந்தது. தலித் அமைப்புகள் கையில் எடுத்தன. 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் எழுந்து, 678 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிவிடப்பட்டது, அது தவறுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

எந்த விதியில் அதைச் செய்தார்கள்? மேம்பாலத்தில் தலித்துகளும்தானே போவார்கள், ஸ்டேடியம் எல்லாருக்கும்தானே என்ற கணக்கு. ‘பொது’ என்ற சொல் எவ்வளவு வசதியானது பாருங்கள். ஊரின் பொதுக் கிணற்றில் நமக்குத் தண்ணீர் கிடையாது, பொது மயானத்தில் நமக்கு இடம் கிடையாது, பொதுச் செலவுக்கு மட்டும் நம் பங்கு வேண்டும்.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது. 2036 ஒலிம்பிக்கும் வேண்டும் என்கிறார்கள். பிரேசில்காரர்களுக்கு 2007 முதல் 2014 வரை ஏழு ஆண்டுகள் இருந்தன. அதில் ஐந்தாண்டுகளைக் கைதட்டுவதிலேயே கழித்துவிட்டோம் என்று அவர்களே வருத்தப்படுகிறார்கள். இடிக்க வரும்போதுதான் விழித்தார்கள்.

“அப்போ ஸ்டேடியமே வேண்டாமா அண்ணா?” என்று அந்தத் தம்பி கேட்பான். வேண்டும் தம்பி. வியாசர்பாடியில் நல்ல மைதானம் வேண்டும், விளக்கு வேண்டும், பெண் பிள்ளைகள் உடை மாற்ற அறை வேண்டும். சாவோ ஜனுவாரியோவைப் போல, யாரை வெளியே நிறுத்தினார்களோ அவர்களுக்காகக் கட்டிய ஸ்டேடியம் வேண்டும். அந்த ஸ்டேடியத்தை 2023இல் ரசிகர் மோதலைச் சொல்லி மூடி வைத்தபோது, நீதிமன்றம் காட்டிய காரணங்களில் ஒன்று, பக்கத்தில் ஃபவேலா இருக்கிறது என்பது. கட்டி நூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அதே பேச்சுத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு தகவல் உரிமை மனுப் படிவமும் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையும் கொண்டு வாருங்கள். நம் மாவட்டத்தில் கடந்த ஐந்தாண்டில் சிறப்பு உட்கூறு திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்தத் தலைப்பில் செலவழித்தார்கள், அதில் விளையாட்டு உள்கட்டமைப்பு என்று ஏதாவது வரி இருக்கிறதா, இருந்தால் அந்த மைதானம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று நான்கு கேள்விகள் எழுதிவைத்திருக்கிறேன். ஐந்தாவது கேள்வியை வியாசர்பாடித் தம்பி எழுதட்டும்.